கடல் பூட்டும் நாளறிந்த இப்னு மாஜித்

இன்றைய ராஸல் கைமாப் பக்கமுள்ள ஜுல்ஃபாரில் 15-ஆம் நூற்றாண்டில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் அவர்களின் தகப்பனாரும் பாட்டனாரும் மாலுமிகளே. ஹிஜ்ரி 895-ல் (1490) அன்னார் முடித்த கிதாபில், நைரோஸ் முதல் நாளெண்ணிப் பிரயாண காலங்களைக் குறித்தார்கள். தென்மேற்குக் காற்று மூர்க்கமாயடிக்கும் சுமார் 90 நாள் கடல் பூட்டு. இந்தியா செல்லும் கப்பல் அதற்கு முன்போ, காற்றுத் தணியும் ஆவணியிலோதான் அரபுக்கரையை விடவேண்டும். முந்திவரும் சரக்குக்கல்லவா விலை? வியாபாரிகளாகிய நாம் பொறுத்திருப்போமா!

1498-ல் பறங்கித் தளபதி வாஸ்கோடகாமாவை ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து 23 நாளில் மலபாருக்குக் கொணர்ந்தவர் அன்னாரே என்று பிற்காலத்தில் எழுதிவிட்டனர். போர்த்துக்கீசிய ஏடுகளோ அவ்வழிகாட்டி குஜராத்தி என்கின்றன. நாமும் அப்பழியை ஏற்கோம். அதே காமா அக்டோபரில், வாடைக்காற்று நிலைபெறுமுன்பே திரும்பினார். சுமார் 3 மாதம் கடலில் தத்தளித்து, ஆட்களில் பலரைப் பறிகொடுத்த பிறகே ஆப்பிரிக்கக் கரையைக் கண்டார்.