இரட்டைமலை சீனிவாசன்

இரட்டைமலை சீனிவாசன் (ஜூலை 7, 1859 - செப்டம்பர் 18, 1945) தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக்காகப் போராடிய தமிழகத் தலைவரும் இதழாளரும் ஆவார். பிறந்த ஆண்டை 1860 எனக் குறிப்போரும் உண்டு. இரட்டைமலை என்பது ஊர்ப்பெயர் அன்று, தந்தையின் பெயர்.

இளமை

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தார். கோயம்புத்தூரில் அவருடன் பயின்ற ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். நட்புக் கொண்டால் தம் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தொடரா வண்ணம் விரைந்து வீடு திரும்புவார். பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றி, 1890 இல் சென்னையில் குடியேறினார்.

பறையன் இதழ்

1891 இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். முதலில் திங்கள் இதழாகவும் பின்னர் வார இதழாகவும் அது 1900 வரை வெளிவந்தது. அக்காலத்தில் படித்து உத்தியோகம் பெற்றவர் பலர் தம் பிறப்பை மறைத்தே நகரில் வாழ்ந்தனர். அப்பெயரை வெளிப்படையாகச் சொல்லத் துணியாதவரை உரிமை கோர இயலாது என்பது சீனிவாசனின் நிலைப்பாடு. இளமையில் தாமே மறைந்து வாழ்ந்தவர் என்பதால் இம்முடிவு அவருக்கு எளிதாக வாய்த்திராது. அவருடைய மைத்துனர் அயோத்திதாசரோ அப்பெயர் பகைவரால் சுமத்தப்பட்டது என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். அம்மக்கள் பூர்வ பௌத்தர் என்று வாதிட்டார். இவ்வேறுபாட்டைத் துணிவு, அச்சம் என்ற அளவில் சுருக்குதல் பொருந்தாது.

குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை 1893 இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அத்தேர்வு இங்கு நடந்தால் உயர் சாதியினரே பதவிகளை அடைவர் என்பது அவர் கருத்து.

தென்னாப்பிரிக்காவும் சட்டமன்றமும்

பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சாதி பாராது இந்தியர் அனைவரையும் நிறத்தால் ஒதுக்கிய நாடு அது. தாயகம் திரும்பி, 1923 இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924 இல் கொண்டுவந்தார். 1925 இல் அது அரசாணையாகி, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு உட்பட மாகாணம் முழுமைக்கும் பொருந்தியது. எனினும் சிற்றூர்களில் ஆணை எளிதில் நடைமுறைக்கு வரவில்லை.

1930, 1931 ஆம் ஆண்டுகளில் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது, தாம் தீண்டப்படாதவர் என்று பொறித்த பட்டையை அணிந்து சென்றதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். 1932 இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1936 இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939 இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 2000 இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.