கொச்சித் திவான் சண்முகம் செட்டியார்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நிற்கும்போதெல்லாம் எதிரே தெரியும் வெலிங்டன் தீவு எனக்கு ஒரு தமிழரை நினைவூட்டுகிறது. காயலைத் தூர்வாரிய மண்ணால் அத்தீவை ஆக்கியவர் பொறியாளர் பிரிஸ்டோ. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமானபோது இந்த இராஜ்யத்தின் திவானாக வீற்றிருந்தவரோ கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார்.

1892-இல் பிறந்த அவர், மத்திய சட்டசபையின் தலைவராக விளங்கி, 1934 தேர்தலில் தோற்று, மறு ஆண்டு இங்கே திவானாக வந்தார். நிர்வாகத் திறமையில் அவருக்கு இணை சொல்வது அரிது. ஆயினும் திருச்சூர் நண்பர்களிடம் அவர் பெயரைச் சற்றுத் தயங்கியே சொல்வேன்.

காரணம் மின்சாரம். 1936-இல் அந்நகருக்கு மின்சாரம் வழங்கும் உரிமையைச் சென்னைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் அவர் ஒப்படைத்தார். தங்கள் வீட்டு விளக்கின் இலாபம் வெளியூர்ப் பெட்டிக்குப் போவதை மக்கள் பொறுக்கவில்லை. டாக்டர் ஏ. ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி. ஆர். இய்யுண்ணி ஆகியோர் முன்னின்றனர். சமய வேறுபாடின்றி ஊரே திரண்டது. திவான் அசையவில்லை, கிளர்ச்சி தோற்றது. முதல் போடுபவரை அழைத்து வருவதே முன்னேற்றம் என்று அவர் கருதியிருக்கலாம். ஊராரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! நிறுவனம் சென்னை, திவான் தமிழர் என்பதால் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

விந்தை பாருங்கள்: 1938-இல் இரட்டையாட்சி ஏற்படுத்தி, மக்கள் பிரதிநிதி ஒருவருக்கு அமைச்சர் பதவி தந்தவரும் அவரே. முதல் அமைச்சர் அம்பாட்டு சிவராம மேனன் அவ்வாண்டே மறைய, அவ்விடத்துக்கு வந்தவர் யார்? அதே டாக்டர் மேனன்!

1941-இல் செட்டியார் கொச்சியை விட்டார். 1947 நவம்பர் 26-இல் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். தமிழிசைக்கும் சிலப்பதிகாரத்துக்கும் உழைத்து, 1953-இல் மறைந்தார்.