வலியைப் படித்த கொல்லிமலைக்காரர்



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம். தையல் ஆறி, எக்ஸ்ரேயும் சரியாக இருந்து, மாதக்கணக்கில் வலி மட்டும் போகாதவர்கள் உண்டு. முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி வலி நீடிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டிலோ, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் முன், வாழ்நாள் முழுக்க வலியைப் படித்த டாக்டர் பால் பிராண்டின் கதையைக் கேளுங்கள்.

அவர் நம் பக்கத்துக்காரர்தான். குப்பனூரிலிருந்து நாம் ஏறுவது சேர்வராயன் மலை. 1914-ல் பிறந்த அவர் வளர்ந்தது கொல்லிமலையில். பெற்றோர் ஜெஸ்ஸியும் எவலினும் இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே தொண்டு செய்தவர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காகப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பிராண்ட் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகினார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்தார்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளில், வேலை செய்யும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை மறுபடி அசைய வைத்தார். நோயால் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக அன்று பலரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு செத்து வலி தெரியாததால், சுடு பாத்திரத்தைத் தொட்டாலும் கையை இழுக்க மாட்டார்கள். இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். வலி நமக்குக் காவல்காரன் என்பது அவருக்கு அங்கேதான் புரிந்தது.

ஒருமுறை லண்டனுக்கு ரயிலில் போய் இறங்கிய இரவு, அவருடைய குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று இரவு முழுக்கக் கலங்கினார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது, மகிழ்ந்துபோனார். நெடுநேரம் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான்.

1966-ல் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளிகளுக்காக உழைத்தார். 1993-ல் வலியைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பயம், கோபம், குற்ற உணர்வு, தனிமை, கையாலாகாத உணர்வு ஆகிய ஐந்தும் வலியைப் பெரிதாக்குபவை என்று விளக்கினார். நரம்பு செய்தி கொண்டுபோகிறது. அது எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. ஆகவே வலி பொய்யல்ல. மனம் அதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

மூட்டு மாற்றியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அறுவைக்கு முன்பே கவலை, மனச்சோர்வு, மோசமானதையே நினைத்துப் பயப்படும் பழக்கம் ஆகியவை உள்ளவர்களுக்கு, பிறகு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். பயந்து காலை அசைக்காவிட்டால் தசை தளர்ந்து மூட்டு இறுகும். வலி இன்னும் கூடும்.

எனவே வலி நீடித்தால் முதலில் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். கிருமித் தொற்று, பொருத்திய மூட்டு தளர்வது போன்றவை இல்லை என்று உறுதியாக வேண்டும். கூடவே உங்கள் தூக்கமின்மை, பயம், சோர்வு ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

பிராண்ட் 2003-ல் மறைந்தார். அவர் சொன்ன ஐந்தில் தனிமையைப் போக்க மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் மாடியில் வாக்கரோடு இருப்பவரை மாலையில் ஒரு சுற்று நடக்க அழையுங்கள். அவர் வேகத்துக்கே நடங்கள்.