உயிர்க் காலேஜைத் தந்த டாக்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் வண்டலூர் மிருகக்காட்சி சாலையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். எழும்பூர் மியூசியத்தையும் ஒரு நடை பார்த்து வருவார்கள்.

இந்த இரண்டுக்கும் வித்திட்டவர் ஒரே மனிதர். அவர் ஒரு டாக்டர். பெயர், எட்வர்டு பால்பர்.

கப்பலில் வந்தார்

பால்பர் 1813-ம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்தில் மாண்ட்ரோஸ் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோ நகரில் வைத்தியம் படித்தார். 1834-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

வழியில் மொரீசியஸ் தீவில் இறங்கினார். அங்கே காடுகள் அழிக்கப்பட்டிருந்ததைக் கண்டார். காடு அழிந்தால் நாடு என்ன ஆகும் என்ற கேள்வி பின்னாளில் அவருடைய பெருங்கவலை ஆயிற்று.

சென்னை ராஜதானியில் வைத்திய உத்தியோகம் பார்த்தார். இந்துஸ்தானி, பாரசீக மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார்.

கல்லும் மண்ணும்

1850-ல் மியூசியம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1851-ல் கல்லூரிச் சாலையில் இருந்த காலேஜ் கட்டிடத்தில் மியூசியம் திறக்கப்பட்டது. அப்போது அங்கே இருந்தவை சுமார் 1,100 கல், மண் மாதிரிகளே! 1854-ல் மியூசியம் எழும்பூருக்கு மாறியது.

கல்லையும் மண்ணையும் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

புலிக்குட்டி வந்தது!

அந்தச் சமயத்தில் ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தைக்குட்டியும் மியூசியத்தில் வைக்கப்பட்டன. வைத்ததுதான் தாமதம், ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

பால்பருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உயிருள்ளதைக் காட்டினால் ஜனங்கள் வருவார்கள். வந்தவர்கள் மற்றதையும் பார்ப்பார்கள். கர்நாடக நவாபிடம் பேசினார். நவாபு தாம் வளர்த்த மிருகங்கள் அனைத்தையும் கொடுத்துவிட்டார்.

1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே மிருகக்காட்சி சாலை பிறந்தது. ஒரே வருஷத்தில் மிருகங்களும் பறவைகளும் பாம்புகளுமாக 300-க்கு மேல் சேர்ந்துவிட்டன.

சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர்க் காலேஜ்’ என்று பெயர் சூட்டினார்கள். மியூசியம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று!

1861-ல் மிருகக்காட்சி சாலை நகராட்சியின் கைக்குப் போனது. பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் பல்லாண்டுகள் நடந்தது. அங்கே இடம் போதவில்லை. வண்டலூர்க் காட்டில் விசாலமான இடம் ஒதுக்கப்பட்டு, 1985-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்துவைத்தார்.

மரமும் மழையும்

மிருகங்களைச் சேர்த்த பால்பர், அவை வாழும் காட்டை மறக்கவில்லை. மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவைப்பற்றி 1849-லேயே கட்டுரை வெளியிட்டார். மரத்தை வெட்டினால் ஊற்று வற்றும், பஞ்சம் வரும், பஞ்சத்தோடு நோயும் வரும் என்பது அந்த டாக்டரின் எச்சரிக்கை.

1857-ல் இந்தியாவைப்பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். பின்னர் சென்னை ராஜதானியின் தலைமை டாக்டர் ஆனார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதா என்று இங்கிலாந்திலேயே முகம் சுளித்த காலம் அது. பால்பரோ பெண்கள் பக்கம் நின்றார். 1875-ல் மேரி ஷார்லீப் முதலிய பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள்.

மறு ஆண்டு ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பிய பால்பர், 1889-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் காலமானார்.

நம் மேற்கு மலை

வன்னியம்பட்டிப் பிள்ளைகள் புலியைக் கூண்டில் பார்க்க 500 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். அவர்கள் ஊருக்கு மேற்கே தெரியும் மலையிலேயே புலி உண்டு. அங்கே 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அந்த மலையில் பெய்யும் மழைதான் கீழே இருக்கும் கண்மாய்களுக்குத் தண்ணீர் தருகிறது. காடு நின்றால் புலி நிற்கும். காடு நின்றால் கண்மாயும் நிறையும்.

உயிர்க் காலேஜைத் தந்த டாக்டர் படித்துச் சொன்ன பாடம் இதுதான்!