லெனார்டு செப்பாலா

கடுங்குளிர் நாட்டிற் பயணம் மேற்கொள்வார்க்கு உடல்வலிமையினும் முன்னறிந்து செய்யும் ஏற்பாடே சிறந்த துணையாகும். ஏற்பாடு பிழைத்தவிடத்து அவரைக் காப்பது அவர் வளர்த்த விலங்கின் அன்பேயாம். இவ்விரண்டினையும் தம் வாழ்க்கையால் விளக்கிய லெனார்டு செப்பாலா என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1877-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் வடபகுதியிற் பிறந்தார். 1900-ஆம் ஆண்டில், பொன்வளத்தாற் பெயர்பெற்ற அலாஸ்காவின் நோம் நகரை யடைந்து, சுரங்கக் கம்பெனி யொன்றில் வேலைக்கமர்ந்தார். குளிர்காலத்தில் அந்நகரை யடுத்த கடல் உறைந்துவிடும், கப்பல்கள் வாரா. தபாலும் உணவும் நோயாளரும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே செல்லவேண்டும். அவ்வண்டியைச் செலுத்துதலிற் செப்பாலா விரைவில் தேர்ச்சி பெற்றார்.

1908-ஆம் ஆண்டு முதல் அந்நகரிற் பெரும் பந்தயம் ஒன்று நடைபெற்று வந்தது. நோமிலிருந்து கேண்டில் என்னும் ஊர்வரை சென்று மீளவேண்டும். தொலைவு 408 மைல். புறப்பட்ட நாய்கள் அனைத்தையும் உயிருடனேனும் உயிரின்றியேனும் மீட்டுக் கொணர்தல் வேண்டுமென்பது விதி. ஆகவே, எந்த வழிச்சத்திரத்தில் தங்குவது, எங்கே உணவு சேமிப்பது, எவ்வளவு நேரம் ஓய்வு தருவது என்பவற்றையெல்லாம் முன்னரே வரையறுத்துக் கொள்ளாதவன் வெற்றி காணான்.

துருவ ஆராய்ச்சியாளரான அமண்ட்ஸனுக்கெனச் சைபீரிய நாய்க்குட்டிகள் சில 1913-ஆம் ஆண்டில் நோமில் வளர்க்கப்பட்டன. அவர் தம் பயணத்தைக் கைவிட்டமையால் அவை செப்பாலாவுக்கு உரியவாயின. அவற்றுடன் 1914-ஆம் ஆண்டுப் பந்தயத்திற் புகுந்த செப்பாலா, பனிப்புயலில் வழிதவறினார். நாய்களின் பாதங்கள் புண்பட்டன. அவற்றை மேலும் வருத்த மனமின்றி இடையிலேயே விலகினார். அத்தோல்வியே அவருக்கு ஆசானாயிற்று. அடுத்த குளிர்காலத்தில் நாய்களை அமைதியாகப் பழக்கி, 1915, 1916, 1917 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து வெற்றி பெற்றார்.

அவருடைய நாய்களுள் டோகோ என்பது தனிச்சிறப்புடையது. குட்டியாயிருந்தபோது நோயுற்று மெலிந்திருந்த அதனைப் பயனற்றதென்று பிறர்க்குக் கொடுத்துவிட்டார். அதுவோ சாளரக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து மீண்டும் அவரிடமே ஓடிவந்தது. பின்னர் வண்டிக்கு முன்னோடும் தலைநாயாக உயர்ந்தது.

1925-ஆம் ஆண்டு ஜனவரியில் நோம் நகரில் தொண்டையடைப்பான் நோய் பரவிக் குழந்தைகள் சிலர் மாண்டனர். நச்சுமுறி மருந்து நெனானா வரை புகைவண்டியில் வந்தது; எஞ்சிய 674 மைலையும் நாய்வண்டிகளே கடக்கவேண்டியிருந்தது. செப்பாலா இருபது நாய்களுடன் மருந்தை எதிர்கொள்ளப் புறப்பட்டார். அவருடைய இளமகளும் அந்நகரிலேயே இருந்தாள். அவர் சென்றபின் அதிகாரிகள் வண்டியோட்டிகளின் தொகையை மிகுத்தனர். மருந்து விரைந்து வருவதை அவருக்கு அறிவிக்க வழியில்லை. ஷாக்டூலிக் என்னும் ஊர்க்கருகில் எதிர்ப்பட்ட வண்டியை அவர் கடந்து போயிருப்பார். அவ்வண்டியோட்டி கூவியழைத்ததனால் நின்றார்.

மருந்தைப் பெற்றதும், சற்றுமுன் கடந்து வந்த நார்ட்டன் வளைகுடாவின் உறைபனி மீதே இரவிற் கடும் புயலிடையே திரும்பினார். பனித்தளம் உடைந்து கடலுட் செல்லுமாயின் மீட்சியில்லை. கரைவழியே சுற்றிச் சென்றாலோ காலம் வீணாகும். கண்ணுக்கு வழி புலப்படாத அவ்விருளில் பன்னிரண்டு வயதான டோகோவின் அறிவையே நம்பினார். அது வழுவாமல் கரைசேர்த்தது. மருந்துடன் 91 மைல் சென்று கோலோவின் என்னுமூரில் அடுத்தவரிடம் ஒப்படைத்தார். ஏனையோர் எவரும் மருந்துடன் அத்துணைத் தொலைவு சென்றிலர். பிப்ரவரி 2-ஆம் நாள் மருந்து நோமை யடைந்தது.

இறுதிப் பகுதியை ஓட்டிய கன்னர் காஸனும், அவர் வண்டியின் முன்னோடிய பால்ட்டோ என்னும் நாயுமே உலகப் புகழ் பெற்றனர். அவ்வாண்டிலேயே நியூயார்க் நகரில் பால்ட்டோவுக்குச் சிலையும் எழுந்தது. பால்ட்டோவும் செப்பாலா வளர்த்ததே. எனினும் டோகோவின் உழைப்பு மறக்கப்பட்டமை அவர் உள்ளத்தை வருத்தியது. வாயிலில் வந்து நிற்பவனையே உலகம் காண்கிறது. இருளில் நெடுவழி நடந்தவனைக் காண்பதில்லை. ஏறக்குறைய இருபது வண்டியோட்டிகளுட் பலர் அலாஸ்காவின் பழங்குடியினர். அவர்கள் பெயரை அறிந்தாரும் சிலரே. பால்ட்டோவின் புகழை நாம் குறைத்தல் வேண்டா; ஆயினும் ஏனையோர்க்குரிய பங்கை மறுத்தல் நீதியன்று.

டோகோ 1929-ஆம் ஆண்டில் இறந்தது. செப்பாலா 1967-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரிற் காலமானார். 1973-ஆம் ஆண்டு முதல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறக்குறைய ஆயிரம் மைல் தொலைவுடைய இடிடராட் என்னும் நாய்வண்டிப் பந்தயம் நடைபெறுகின்றது. அதில் நாய்களை நன்கு பேணிய வண்டியோட்டிக்குச் செப்பாலாவின் பெயரால் ஒரு பரிசு வழங்குகின்றனர். நாய்களின் புண்பட்ட பாதங்களைக் கண்டு பந்தயத்தைத் துறந்த ஒருவர்க்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை என்பது எம் துணிபு.