விழுங்கப்பட்டவருக்கும் அவகாசம் தந்த கேரி கைகாக்ஸ்

மேசையைச் சுற்றி நான்கைந்து நண்பர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பகடை உருளுகிறது. கதையில் வரும் ராட்சத ஊதாப் புழு, ஒருவருடைய வீரனை அப்படியே விழுங்கிவிடுகிறது. அவருடைய ஆட்டம் அத்தோடு முடிந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு விதி வகுத்தவர் கேரி கைகாக்ஸ்.

1938 ஜூலை 27ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் அவர் பிறந்தார். சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய அவரின் தந்தை ஒரு வயலின் கலைஞர். மாயக் கதைகளை மகனுக்குச் சொல்லி வளர்த்தவரும் அவரே. கைகாக்ஸ் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பின்னர் காப்புறுதி நிறுவனத்தில் ஆபத்துகளை மதிப்பிடும் பணியில் சேர்ந்தார். 1970இல் அந்த வேலை பறிபோனது. ஐந்து பிள்ளைகளின் தந்தையான அவர், காலணி பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இரவு நேரங்களில் போர் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதினார்.

1972இல் டேவ் ஆர்னெசன் என்பவர் புதிய ஆட்டமுறை ஒன்றை அவருக்கு ஆடிக் காட்டினார். ஒவ்வொருவரும் படையை நடத்தாமல், ஒரே ஒரு பாத்திரமாக மாறி ஆடும் முறை அது. அதை விதிகளாக விரித்து எழுதினார் கைகாக்ஸ். 1973இல் நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டிஎஸ்ஆர் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள், விலை 10 அமெரிக்க வெள்ளி. முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள் மட்டுமே.

ஊதாப் புழு அந்த நூல்களிலேயே இருக்கிறது. தாக்குவதற்குத் தேவையான எண்ணைவிடப் பகடை மிக அதிகமாக விழுந்தால், புழு எதிரியை விழுங்கிவிடும். ஆனால் விழுங்கப்பட்டவர் உடனே இறப்பதில்லை. 6 சுற்றுகளில் உயிர் போகும். 12 சுற்றுகளில் உடல் முழுவதும் செரித்துவிடும். அதன்பின் எந்த மந்திரத்தாலும் அவரை மீட்க முடியாது.

விழுங்கியதும் மரணம் என்றால், அந்த விளையாட்டாளர் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எளிதில் தப்பலாம் என்றால் புழுவிடம் யாருக்கும் பயம் இருக்காது. இந்த விதியோ பயத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே தந்தது. தங்கள் உயிருக்கு அஞ்சி ஓடுவதா, நின்று புழுவைக் கொன்று நண்பரை மீட்பதா என்பதை வெளியே இருப்பவர்கள் உடனே முடிவு செய்தாக வேண்டும்.

உள்ளே சிக்கியவர் என்ன செய்யலாம் என்பதைப் பிற்காலப் பதிப்புகள் விரிவாக்கின. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், வயிற்றுக்குள் இருந்தபடியே ஒரே முறையில் 30 புள்ளிகள் அளவுக்குத் தாக்கினால், புழு அவரைக் கக்கிவிடும் வாய்ப்பு உண்டு.

கைகாக்ஸின் வாழ்க்கை அவ்வளவு சுலபமாக அமையவில்லை. ஆட்டத்துக்கு யார் உரிமையாளர் என்பதில் ஆர்னெசனுடன் வழக்கு மூண்டு, 1981இல் சமரசத்தில் முடிந்தது. 1985இல் டிஎஸ்ஆர் அவர் கையைவிட்டுப் போனது. மறு ஆண்டு, தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே அவர் வெளியேறினார்.

ஆனாலும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. வேறு நிறுவனங்களுக்குப் புதிய விளையாட்டுகளை எழுதினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் உள்ள தமது வீட்டுக்கு நண்பர்களை அழைத்து, கடைசிக் காலம் வரை பகடை உருட்டினார். 2008 மார்ச் 4ஆம் தேதி, 69 வயதில் அங்கேயே காலமானார்.