ழான் விகோ

ழான் விகோ (ஏப்ரல் 26, 1905 – அக்டோபர் 5, 1934) ஒரு பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆவார். 1930 முதல் 1934 வரையான காலப்பகுதியில் இவர் இயக்கிய படங்கள் நான்கு மட்டுமே. அவற்றில் ஒன்று மட்டுமே முழுநீளப் படம். நான்கையும் தொடர்ச்சியாகப் பார்த்தாலும் மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். இவரது வாழ்நாளிலேயே ஒரு படம் தடை செய்யப்பட்டது. மற்றொன்று வெட்டப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு வெளியானது. 29 வயதில் இறந்த விகோவின் புகழ் பெரும்பாலும் இவரது இறப்பிற்குப் பின்னர் ஏற்பட்டதாகும். திரைப்படக் காப்பகங்களில் எஞ்சிய படிகளும், அவற்றைக் கொண்டு செய்யப்பட்ட மீட்டுருவாக்கங்களும், பின்னர் வெளியான டிவிடி மற்றும் புளூ-ரே வட்டுகளும் அதற்குக் காரணமாயின.

இளமைக் காலம்

விகோ பாரிசு நகரில் பிறந்தார். தந்தை எழேன் பொனவாந்தூர் த விகோ ஓர் அரசின்மைவாதி. மிகுவேல் அல்மெரெய்டா என்ற புனைபெயரிலேயே பரவலாக அறியப்பட்டார். தாயார் எமிலி கிளேரோவும் அதே இயக்கத்தைச் சேர்ந்தவர். விகோவின் குழந்தைப் பருவம் அரசியல் கூட்டங்கள், தலைமறைவு வாழ்க்கை, தந்தையின் சிறைவாசங்கள் ஆகியவற்றுக்கு நடுவே கழிந்தது.

அல்மெரெய்டா 1913இல் 'லெ பொனே ரூழ்' (சிவப்புத் தொப்பி) என்ற இதழைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரின்போது அவ்விதழ் செருமனியிடமிருந்து பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 1917 ஆகஸ்ட்டில் கைது செய்யப்பட்ட அல்மெரெய்டா சில நாட்களிலேயே ஃப்ரேன் சிறையில் கழுத்து நெரிபட்ட நிலையில் இறந்து கிடந்தார். அது தற்கொலை என்று அதிகாரிகள் அறிவித்தனர். கொலை என்ற ஐயம் பின்னாளிலும் நீங்கவில்லை. அப்போது விகோவுக்கு வயது 12.

துரோகி ஒருவரின் மகன் என்ற பழி சிறுவனைத் தொடராமல் இருக்க, விகோ தென் பிரான்சிற்கு அனுப்பப்பட்டார். நீம் நகரப் பள்ளியில் ழான் சால் என்ற மாற்றுப் பெயரில் சேர்க்கப்பட்டார். பின்னர் மியோ நகரின் விடுதிப் பள்ளியிலும், இறுதியாக சார்த்ர் நகரிலும் படித்தார். தந்தையின் பெயரைத் துடைத்து மீட்க வேண்டும் என்ற எண்ணம் இவரிடம் வாழ்நாள் முழுவதும் இருந்தது. விடுதிப் பள்ளி வாழ்க்கையின் நினைவுகள் பின்னர் இவரது மூன்றாவது படத்திற்குக் கருவாயின.

நோயும் திருமணமும்

காசநோயால் பாதிக்கப்பட்ட விகோ 1926இல் பிரனீசு மலைப்பகுதியிலுள்ள ஃபோன்-ரோமே என்னும் ஊரில் சிகிச்சைக்காகத் தங்கினார். அங்கே போலந்தின் ஊட்ச் நகரத் தொழிலதிபர் ஒருவரின் மகளான எலிசபெத் லொசின்ஸ்காவைச் சந்தித்தார். லிடு என்று அழைக்கப்பட்ட இவரும் அதே நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். இருவரும் 1929இல் திருமணம் செய்துகொண்டனர். வெப்பமான காலநிலையை நாடி, மத்தியதரைக் கடற்கரையில் அமைந்த நீஸ் நகரில் குடியேறினர். அங்குள்ள படப்பிடிப்புத் தளத்தில் விகோ சில காலம் உதவி ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். லிடுவின் தந்தை அளித்த பணத்தைக் கொண்டு சொந்தமாகப் படப்பிடிப்புக் கருவி ஒன்றை வாங்கினார். 1930இல் நீசில் ஒரு திரைப்படக் கழகத்தையும் தொடங்கினார். இவர்களது மகள் லியூஸ் 1931இல் பிறந்தார்.

திரைப்படப் பணி

நீஸ் நகரைப் பற்றி

விகோவின் முதல் படம் 1930இல் வெளியான 'அ ப்ரொப்போ த நீஸ்' (நீஸ் நகரைப் பற்றி) ஆகும். ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஓடும் இந்தப் பேசாப் படத்தின் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன், சோவியத் இயக்குநர் சீகா வெர்த்தோவின் தம்பி ஆவார். கடற்கரை நடைபாதையில் வெயில் காயும் செல்வந்தர்களும், பழைய நகரின் குறுகிய சந்துகளில் வாழும் ஏழைகளும் இப்படத்தில் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றனர். மக்கள் தாம் படம் பிடிக்கப்படுவதை அறியாதிருக்க, காஃப்மன் சக்கர நாற்காலியில் அமர்ந்து கருவியை மறைத்து வைத்துக்கொண்டு படம் பிடித்தார். திருவிழாக் கூத்து, கல்லறைச் சிலைகள், ஆலைப் புகைபோக்கிகள் ஆகியவற்றின் வேகமான தொகுப்பு, நகரின் ஆடம்பரத்தைக் கேலி செய்வதாக அமைந்துள்ளது.

தாரிஸ்

1931இல் கோமோன் நிறுவனத்துக்காக நீச்சல் வீரர் ழான் தாரிஸ் பற்றிய சுமார் 9 நிமிடக் குறும்படத்தை விகோ எடுத்தார். நீச்சல் முறைகளை விளக்குவதே அதன் நோக்கம். எனினும் நீருக்கடியில் மனித உடல் அசையும் அழகே படத்தில் மேலோங்கி நிற்கிறது. இறுதிக் காட்சியில், நீரில் குதித்த வீரர் பின்னோக்கி மேலே எழுந்து, கோட்டும் தொப்பியும் அணிந்தவராக நீரின் மேல் நடந்து செல்கிறார். இங்கே கண்டறிந்த நீரடிப் படப்பிடிப்பை விகோ தமது கடைசிப் படத்தில் வேறொரு பொருளில் பயன்படுத்தினார்.

நடத்தைக்குப் பூச்சியம்

தொழிலதிபர் ழாக்-லூயி நூனேஸின் நிதியுதவியுடன் 1933இல் 'சேரோ த கோந்துய்ட்' (நடத்தைக்குப் பூச்சியம்) என்ற 44 நிமிடப் படம் உருவானது. நடத்தைக்குப் பூச்சிய மதிப்பெண் பெறும் மாணவர் ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்ல முடியாமல் பள்ளியிலேயே அடைபட்டிருக்க வேண்டும் என்ற விடுதி வழக்கத்தையே தலைப்பு குறிக்கிறது. நான்கு சிறுவர்கள் பள்ளி நிருவாகத்துக்கு எதிராகக் கலகம் செய்கின்றனர். அவர்களுள் சிலருக்கு விகோ தமது பள்ளித் தோழர்களின் பெயர்களையே சூட்டினார். தலைமையாசிரியராக, குள்ளமான உருவமும் நீண்ட தாடியும் கொண்ட தெல்ஃபென் நடித்தார். பிள்ளைகள் பக்கம் நிற்கும் கண்காணிப்பாளராக ழான் தாஸ்தே நடித்தார்.

தலையணைச் சண்டைக்குப் பின் பறக்கும் இறகுகளுக்கு நடுவே சிறுவர்கள் மெதுவசைவில் ஊர்வலம் செல்லும் காட்சி புகழ்பெற்றது. அக்காட்சிக்கு மொரீஸ் ழோபேர் தமது மெட்டைப் பின்னோக்கி எழுதி, வாசிக்கச் செய்து, அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டி இசையமைத்தார்.

இப்படம் 1933 ஏப்ரலில் திரையிடப்பட்டுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பள்ளி, அரசு அதிகாரிகள், சமயகுரு ஆகியோரைக் கூரையிலிருந்து சிறுவர்கள் தாக்கும் முடிவை ஏற்க இயலாத தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. தடை 1945ஆம் ஆண்டு வரை நீடித்தது.

லாத்தலாந்த்

தீவுச் சிறைவாசி ஒருவரைப் பற்றிய படம் எடுக்கும் திட்டம் விகோவிடம் இருந்தது. முந்தைய படத்தின் தடையால் அது கைவிடப்பட்டது. தணிக்கைக்கு இடம் தராத எளிய காதல் கதை ஒன்றை நூனேஸ் தேர்ந்து கொடுத்தார். அக்கதையே 'லாத்தலாந்த்' ஆயிற்று. அதன் பாத்திரங்களையும் நிகழ்வுகளையும் விகோ முழுவதுமாகத் தமதாக்கிக் கொண்டார்.

லாத்தலாந்த் என்பது ஒரு சரக்குப் படகின் பெயர். படகுத் தலைவன் ழானைத் திருமணம் செய்துகொண்டு அதில் ஏறும் ழூலியெத் என்னும் கிராமத்துப் பெண், படகின் நெருக்கடியான வாழ்வில் சலிப்புற்றுப் பாரிசைக் காணச் செல்கிறாள். கோபத்தில் ழான் படகைச் செலுத்திக்கொண்டு போய்விடுகிறான். நீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் அன்புக்குரியவரின் முகம் தெரியும் என்று அவள் முன்பு கூறியதை நினைத்து ஆற்றில் குதிக்கிறான். பூனைகளும் விந்தைப் பொருட்களும் நிறைந்த அறையில் வாழும் முதிய படகோட்டி ழூல், இறுதியில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து மீட்டு வருகிறார். இவ்வேடங்களில் முறையே ழான் தாஸ்தே, தீத்தா பார்லோ, மிஷேல் சிமோன் நடித்தனர்.

படப்பிடிப்பு 1933 நவம்பர் முதல் 1934 பிப்ரவரி வரை, கால்வாய்களில் பனி உறையும் குளிரில் நடந்தது. ஏற்கனவே நலிந்திருந்த விகோவின் உடல்நிலை மேலும் சீர்கெட்டது. வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட கடைசிக் காட்சியை, விகோ படுக்கையில் இருந்தபோது காஃப்மனே எடுத்தார். லூயி ஷவான்ஸ் படத்தொகுப்பைச் செய்தார்.

1934 ஏப்ரலில் விநியோகத்தர்களுக்குத் திரையிட்டபோது படம் வரவேற்பைப் பெறவில்லை. கோமோன் நிறுவனம் அதை ஏறத்தாழ 65 நிமிடங்களாகக் குறைத்தது. ழோபேரின் இசையில் ஒரு பகுதி நீக்கப்பட்டு, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு மெல்லிசைப் பாடல் சேர்க்கப்பட்டது. படத்தின் பெயரும் அப்பாடலின் பெயரான 'லெ ஷலான் கி பாஸ்' (கடந்து செல்லும் படகு) என மாற்றப்பட்டது. செப்டம்பர் 1934இல் பாரிசில் வெளியான இவ்வடிவம் மூன்று வாரங்களே ஓடியது.

மறைவு

நோயின் கடுமையால் விகோவினால் இந்த வெட்டுகளை எதிர்க்க இயலவில்லை. படம் வெளியாகிச் சில வாரங்களில், 1934 அக்டோபர் 5 அன்று பாரிசில் இறந்தார். அவரது உடல் பாஞ்ஞோ கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. லிடு 1939இல் இறந்தார். ழோபேர் 1940இல் போரில் கொல்லப்பட்டார். இவ்வாறு, படத்தின் மூல வடிவம் எப்படி இருந்தது என்பதை நேரடியாக அறிந்த சிலர் விரைவிலேயே மறைந்தனர்.

மீட்டுருவாக்கங்கள்

லாத்தலாந்த் 1940இல் பழைய பெயரில் ஓரளவு திருத்தப்பட்டு மீண்டும் வெளியானது. பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தின் ஆன்றி லாங்குளுவா 1950 அளவில் மற்றொரு முயற்சியை மேற்கொண்டார். எனினும் பல பத்தாண்டுகள் மக்கள் பார்த்தவை, நீளத்திலும் காட்சி வரிசையிலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட படிகளே.

வெட்டப்படுவதற்கு முந்தைய வடிவத்துக்கு நெருக்கமான 1934ஆம் ஆண்டு நைட்ரேட் படி ஒன்று இலண்டனிலுள்ள பிரித்தானியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்தது. இதனையும் பிற காப்பகங்களில் எஞ்சியிருந்த காட்சிகளையும் கொண்டு, கோமோன் நிறுவனத்துக்காகப் பியேர் பிலிப், ழான்-லூயி பொம்புவான் ஆகியோர் புதிய வடிவத்தை அமைத்தனர். இது 1990இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இவ்வடிவம் பலரை மகிழ்வித்தபோதிலும் விவாதத்துக்கும் உள்ளானது. கிடைத்த காட்சிகளை எல்லாம் சேர்ப்பதும், இயக்குநர் விரும்பிய வடிவத்தை மீட்பதும் ஒன்றல்ல என்பதே எழுந்த கேள்வி. விகோ தாமே ஒதுக்கிய காட்சித் துண்டும் பிறரால் வெட்டப்பட்ட துண்டும் காப்பகப் பெட்டியில் ஒன்றுபோலவே கிடக்கும். 2001இல் திரைப்பட வரலாற்றாசிரியர் பெர்னார் ஐசன்ஷிட்ஸ், லியூஸ் விகோவின் ஒத்துழைப்புடன் படத்தை மறுபடியும் ஆராய்ந்து, 1990இல் செய்யப்பட்ட சில மாற்றங்களை நீக்கினார். பல்வேறு படிகளின் வரலாற்றை 'லாத்தலாந்தின் பயணங்கள்' என்ற ஆவணப்படமாகவும் எடுத்தார். 2017இல் 4கே தரத்திலான மீட்டுருவாக்கம் கான் விழாவில் திரையிடப்பட்டது. லியூஸ் விகோ அதே ஆண்டில் காலமானார்.

வட்டு வெளியீடுகள்

விகோவின் படைப்புகள் அனைத்தும் ஒரே தொகுப்பில் அடங்கக் கூடியவை. 2004இல் பிரித்தானியாவில் ஆர்ட்டிபிசியல் ஐ நிறுவனம் விகோவின் முழுப் படைப்புகளையும் டிவிடியாக வெளியிட்டது. 2012இல் புளூ-ரே வட்டும் வந்தது. அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் 2011 ஆகஸ்ட்டில் 'முழுமையான ழான் விகோ' என்ற தொகுப்பை டிவிடி, புளூ-ரே ஆகிய இரு வடிவங்களிலும் வெளியிட்டது.

கிரைட்டீரியன் தொகுப்பில் நான்கு படங்களுடன் மைக்கேல் டெம்பிளின் விளக்கவுரை, 'நீஸ் நகரைப் பற்றி' படத்தில் இடம்பெறாத மாற்றுத் தொகுப்புகள், ழாக் ரோசியே 1964இல் தொலைக்காட்சிக்காக எடுத்த விகோ பற்றிய படம், லாத்தலாந்த் குறித்துத் துருஃபோவும் ரோமேரும் 1968இல் நிகழ்த்திய உரையாடல், ஐசன்ஷிட்ஸின் ஆவணப்படம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. இதனால் காப்பகங்களை நாடிச் செல்ல முடியாத பார்வையாளரும், தாம் காண்பது பல வடிவங்களுள் ஒன்று என்பதையும் அது எவ்வாறு உருவானது என்பதையும் அறிய முடிகிறது.

தாக்கமும் மதிப்பீடும்

பிரான்சுவா துருஃபோ 1946இல், தமது இளம் பருவத்தில், விகோவின் படங்களை ஒரே அமர்வில் பார்த்தார். 1959இல் அவர் எடுத்த 'நானூறு அடிகள்' படத்தில் 'நடத்தைக்குப் பூச்சியம்' படத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. பிரித்தானிய இயக்குநர் லின்ட்சே ஆன்டர்சனின் 'இஃப்' (1968), பள்ளிக் கலகத்தையும் கூரைமேல் நிகழும் முடிவையும் அப்படத்திலிருந்தே பெற்றது. பிரேசில் நாட்டு ஆய்வாளர் பாவுலோ எமீலியோ சாலெஸ் கோமெஸ் எழுதிய விகோவின் வாழ்க்கை வரலாறு 1957இல் பிரெஞ்சு மொழியில் வெளியானது. ஜூலியன் டெம்பிள் 1998இல் விகோவின் வாழ்வைத் திரைப்படமாக்கினார்.

பிரித்தானியாவின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் லாத்தலாந்த் 1962, 1992 ஆகிய ஆண்டுகளில் சிறந்த பத்துப் படங்களுள் இடம்பெற்றது. 1992இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' இதனுடன் ஆறாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

விகோவின் நண்பரும் எழுத்தாளருமான குளோத் அவ்லீனின் முயற்சியால் 1951 முதல் ழான் விகோ பரிசு வழங்கப்பட்டு வருகிறது. சுதந்திரமான நோக்கும் தனித்த நடையும் கொண்ட இயக்குநர்களுக்கு இது அளிக்கப்படுகிறது. அலென் ரெனே 'இரவும் மூடுபனியும்' படத்திற்காகவும், குளோத் சப்ரோல் 'லெ போ செர்ஜ்' படத்திற்காகவும், ழான்-லுக் கொடார் 'மூச்சுத் திணற' படத்திற்காகவும் இப்பரிசைப் பெற்றனர்.

இயக்கிய திரைப்படங்கள்

- நீஸ் நகரைப் பற்றி (1930) – பேசாப் படம்
- தாரிஸ் (1931) – குறும்படம்
- நடத்தைக்குப் பூச்சியம் (1933)
- லாத்தலாந்த் (1934)